உங்களுக்குத் தெரியுமா?

விவாகரத்து கேட்டு வந்த தம்பதியைச் சேர்த்துவைக்க முயல்வதுதான் நீதிபதியின் முதல் கடமை! இந்து திருமணச் சட்டம், 1955-இன் பிரிவு 23(2) அப்படித்தான் சொல்கிறது.

• இதற்காக வழக்கை 15 நாள் வரை தள்ளிவைக்கலாம். சமரசம் பேச வேண்டியவர் யார் என்பதைக் கணவனும் மனைவியுமே சொல்லலாம். இருவரும் நம்பும் ஒரு பெரியவராகக்கூட இருக்கலாம். அவர்கள் யாரையும் சொல்லாவிட்டால்தான் நீதிமன்றம் ஆளை நியமிக்கும். பேச்சு பலித்ததா இல்லையா என்று அவர் அறிக்கை தர வேண்டும்.

• துணைவர் வேறு மதத்துக்கு மாறிவிட்டார், துறவறம் பூண்டுவிட்டார், 7 ஆண்டுகளாக உயிரோடு இருப்பதாகத் தகவலே இல்லை என்று வழக்குப் போட்டால், இந்தக் கட்டாயம் கிடையாது. காணாமல் போனவரிடம் யார் போய்ச் சமாதானம் பேசுவது!

• விவாகரத்தே தீர்ப்பானால், அந்த ஆணையின் நகல் இருவருக்கும் இலவசம்.