கட்டுமானத்தில் உரிமையாளர் தேவை மேலாண்மை

கட்டுமானத்தில் தேவை மேலாண்மை என்பது, கட்டடத்தின் உரிமையாளர் எதை, எதற்காக, எவ்வளவு செலவில் விரும்புகிறார் என்பதைக் கேட்டறிந்து எழுத்தில் பதிவு செய்வதும், பணியின்போது எழும் மாற்றங்களை ஒழுங்குபடுத்துவதும் ஆகும். ஒரு மாற்றம் எவ்வளவு தாமதமாக வருகிறதோ அவ்வளவுக்குச் செலவு கூடும். வரைபடத்தில் சுவரை நகர்த்த ஒரு கோடு போதும். கட்டிய பிறகு நகர்த்தினால் இடிக்கவும், இடிபாடுகளை அகற்றவும், மறுபடி கட்டவும் செலவாகும்.

கேட்டறிதல்

உரிமையாளர் சொல்வதோடு, அதன் நோக்கத்தையும் அறிய வேண்டும். ஓசூர் போன்ற தொழில் நகரங்களிலும் ஜவளகிரி போன்ற சுற்றுப்புற ஊர்களிலும், "இப்போதைக்குத் தரைத்தளம் போதும்" என்று தொடங்குபவர் பின்னாளில் வாடகைக்கு விட மாடி எழுப்ப விரும்பலாம். இதைக் கடைக்கால் போடும் முன்பே கேட்க வேண்டும். அடித்தளமும் தூண்களும் எத்தனை தளங்களுக்கு வடிவமைக்கப்பட்டனவோ, அத்தனையைத்தான் நம்பித் தாங்கச் செய்ய முடியும்.

விதிகளையும் அப்போதே விளக்க வேண்டும். எல்லைப்பகுதியான இங்கே ஒப்பந்ததாரர் கர்நாடகத்திலிருந்து வந்தாலும், கட்டடத்திற்குப் பொருந்துவது தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 ஆகும்.

எழுத்துப் பதிவு

"சதுர அடிக்கு இவ்வளவு" என்ற வாய்ப்பேச்சில் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் ஆகியவை அடங்குமா என்பது தெரியாது. பல தகராறுகள் இங்கேதான் தொடங்குகின்றன. எனவே ஒப்பந்தத்தில் அடங்கும் வேலைகள், அடங்காத வேலைகள், பொருள்களின் தரம், பணம் தரவேண்டிய கட்டங்கள் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிட வேண்டும்.

மாற்றங்களைக் கையாளுதல்

உரிமையாளர் தளத்தில் மேஸ்திரியிடம் சொல்லும் மாற்றம், இறுதிக் கணக்கில் "எக்ஸ்ட்ரா வேலை" என்று வரும்போது சச்சரவாகிறது. மாற்றம் கேட்கப்பட்டதும் பின்வரும் படிகள் தேவை:

1. மாற்றத்தை எழுதிக்கொள்ளுதல்
2. கட்டமைப்புப் பாதுகாப்பையும் அனுமதி வரைபடத்தையும் சரிபார்த்தல்
3. கூடுதல் செலவையும் நாள்களையும் கணக்கிட்டுத் தெரிவித்தல்
4. ஒப்புதல் பெற்ற பின்னரே வேலையைத் தொடங்குதல்

எடுத்துக்காட்டு

சென்னை ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் சட்டமன்ற–தலைமைச் செயலக வளாகம் கட்டப்பட்டு, 2010 மார்ச் 13 அன்று திறக்கப்பட்டது. ஆட்சி மாற்றத்திற்குப் பின், 2011 ஆகஸ்டில் அதைப் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனையாக மாற்றும் முடிவு அறிவிக்கப்பட்டது. மருத்துவமனை 2014 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அலுவலகத்திற்குத் தேவைப்படாத அறுவை அரங்குகள், மருத்துவ வாயுக் குழாய்கள் போன்றவை மருத்துவமனைக்குத் தேவை. கட்டி முடித்த பின் பயன்பாடே மாறினால் பணி எவ்வளவு நீளும் என்பதற்கு இது சான்று.

சட்டப் பாதுகாப்பு

அடுக்குமாடித் திட்டங்களுக்கு ரியல் எஸ்டேட் (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 பொருந்தும். அதன் 14ஆம் பிரிவின்படி, சிறு மாற்றங்கள் தவிர, வீடு வாங்கியவரின் ஒப்புதலின்றி அவரது வீட்டின் அமைப்பை மாற்றக்கூடாது. கட்டடத்தின் பிற பகுதிகளையோ பொது இடங்களையோ மாற்ற, வாங்கியவர்களில் குறைந்தது மூன்றில் இரு பங்கினரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் தேவை. சொந்த நிலத்தில் தனக்கென வீடு கட்டுபவருக்கு இந்த ஏற்பாடு இல்லை; அவருக்கு முதன்மையான காப்பு, அவர் கையொப்பமிட்ட ஒப்பந்தமே.