ஏணையோடு வந்த பாட்டுகள்

குறிகட்டுவான் இறங்குதுறையில் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் போகும் படகுகளுக்காகச் சனங்கள் காத்துநிற்கும் வேளையில், கைக்குழந்தை ஒன்று வீரிட்டு அழத் தொடங்கினால் என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? தாய் தோளில் போட்டுத் தட்டுவாள். பிள்ளை அடங்காது. பக்கத்தில் இருக்கும் ஆச்சி, "இஞ்சை தா பிள்ளை" என்று வாங்கி மடியில் இருத்துவாள். பிள்ளையின் உள்ளங்கையை விரித்துப் பிடித்து அதிலே பருப்புக் கடைவாள். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு பங்கு கொடுப்பாள். பிறகு அவளுடைய இரண்டு விரல்களும் நண்டாகி, முழங்கையைக் கடந்து கக்கத்துக்கு ஊரும். பிள்ளை அழுகையை மறந்து சிரிக்கும்.

இந்தப் பாட்டை ஆச்சிக்கு எந்தப் பள்ளிக்கூடமும் படிப்பிக்கவில்லை. அவளுடைய ஆச்சியின் மடியிலிருந்து அவள் பெற்றது அது.

1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவுப்பகுதியை விட்டு வெளியேறியபோதும், 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்தை விட்டு மழையில் நடந்தபோதும் நாம் எதை எடுத்துக்கொண்டோம்? காணி உறுதியை எடுத்தோம். இருந்த நகையை எடுத்தோம். மாட்டை அவிழ்த்துவிட்டோம். கிணற்றையும் துலாவையும் பயிரையும் அப்படியே விட்டுவந்தோம். பிள்ளைக்காக ஒரு பழைய சேலையைச் சுருட்டிக்கொண்டோம். பாடசாலை மண்டபத்திலும், கோவில் மடத்திலும், தேவாலய வளவின் மரக்கொப்பிலும் அந்தச் சேலையை ஏணையாகக் கட்டிப் பிள்ளையைக் கிடத்தியபோது, கூடவே பாட்டும் வந்தது. பாட்டுக்குப் பாரமில்லை. எந்தச் சோதனைச்சாவடியிலும் அதை யாரும் பறிக்க முடியாது. ஆனால் சத்தமில்லாமல் அது தொலைந்துபோகக்கூடும்.

உலகமெங்கும் ஒரே உள்ளங்கை

பருப்புக் கடையும் விளையாட்டு நமக்கு மட்டும் உரியது என்று எண்ண வேண்டாம். ரஷ்ய நாட்டுப் பாட்டிமாரும் பேரப்பிள்ளையின் உள்ளங்கையில் விரலால் வட்டமிடுகிறார்கள். அங்கே பருப்புக்குப் பதிலாகக் கஞ்சி. கஞ்சி காய்ச்சுவது ஒரு பறவை. அது ஒவ்வொரு விரலுக்கும் ஊட்டுகிறது. கடைசி விரலுக்கு மட்டும் கொடுப்பதில்லை. ஏனென்றால் அந்த விரல் தண்ணீர் அள்ளவுமில்லை, விறகு பிளக்கவுமில்லை. உழைக்காதவனுக்குச் சோறில்லை என்ற பாடத்தை ஒரு வயதுப் பிள்ளைக்குச் சிரிப்போடு சொல்லிக்கொடுக்கிறார்கள்!

ஆங்கிலத் தாய்மார் பிள்ளையின் கால்விரல்களைப் பன்றிக்குட்டிகளாக எண்ணுகிறார்கள். இன்னொரு பாட்டில் உள்ளங்கையைத் தோட்டமாக்கி, அதைச் சுற்றிவந்து, கையில் ஏறிக் கக்கத்தில் கிச்சுக்கிச்சு மூட்டுகிறார்கள். நம்முடைய நண்டு ஊரும் வழியும் அதுதான்.

மொழி வேறு, உணவு வேறு. ஆயினும் பிள்ளையின் முதல் விளையாட்டுச் சாமான் அதன் கையும் காலுமே என்பதை எல்லா நாட்டு ஏழைத் தாய்மாரும் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பருவத்துக்கு ஒரு பாட்டு

நம் முன்னோர் இதை ஓர் ஒழுங்கோடு அறிந்திருந்தார்கள். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகை பிள்ளையின் வளர்ச்சியைப் பத்துப் பருவங்களாக வகுக்கிறது. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வருகை, அம்புலி ஆகிய ஏழும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. கையூன்றித் தலையசைத்து ஆடுவது செங்கீரை. கை கொட்டுவது சப்பாணி. தளர்நடை நடந்து வருவது வருகை. நிலவை விளையாட அழைப்பது அம்புலி. பிறகு ஆண்பிள்ளை சிறுதேர் உருட்டுவான்; பெண்பிள்ளை ஊசலாடுவாள்.

புலவர்கள் இவற்றைத் தெய்வங்களுக்கும் அரசர்களுக்கும் பாடினார்கள். ஆனால் பருவங்களைக் கற்றுக்கொண்டது வீட்டு முற்றத்தில்தான். நிலவைக் காட்டிச் சோறு தீத்திய தாய்க்கு இலக்கணம் தெரியாது. எந்த மாதத்தில் பிள்ளை எதைச் செய்யும், அதற்கு எந்தப் பாட்டு வேண்டும் என்பது அவளுக்குத் தெரியும்.

வளர்ந்த பிள்ளைகளுக்கும் பாட்டு இருந்தது. கொக்கான் வெட்டும்போது எண்ணிக்கைக்கு ஒரு பாட்டு. சித்திரை வருடப்பிறப்புக்கு ஊஞ்சல் கட்டினால் அதற்கு ஒரு பாட்டு.

பாட்டுக்குள் இருப்பது என்ன?

தாலாட்டை ஊன்றிக் கேட்டுப் பாருங்கள். பிள்ளையை அடித்தது யார் என்று கேட்டு, மாமன், மாமி, அத்தை, பாட்டன் என்று உறவெல்லாம் வரிசையில் வரும். இன்று அந்த மாமன் கனடாவில் இருக்கலாம். அத்தை சுவிற்சர்லாந்தில் இருக்கலாம். முகம் காணாத உறவையும் முறை சொல்லி அழைக்கப் பிள்ளை முதலில் பழகும் இடம் ஏணைதான்.

நம் வேலையும் நம் உணவும் பாட்டில் இருக்கின்றன. தங்கத் தாத்தா என்று பிள்ளைகள் அழைத்த நவாலியூர் சோமசுந்தரப் புலவர் (1878 - 1953) இதை நன்கு உணர்ந்தவர். ஆடிப்பிறப்பைப் பற்றிய அவருடைய பாட்டில் பயறு வறுப்பதும், அரிசி இடிப்பதும், தேங்காய் துருவுவதும் வருகின்றன. பாட்டைப் பாடமாக்கிய பிள்ளைக்குக் கொழுக்கட்டை செய்யும் முறையும் பாடம். கத்தரித் தோட்டத்தில் காவல் நிற்கும் வெருளியைப் பற்றியும் அவர் பாடினார். தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை அன்றாடம் கண்டதே பாட்டாயிற்று.

முகாமிலும் நகரத்து அறையிலும் பிறந்த பிள்ளை துலாவைக் கண்டதில்லை, வெருளியைக் கண்டதில்லை, வடலிக்கும் பனைக்கும் வேறுபாடு அறியாது. அந்தப் பிள்ளைக்கு ஊரைக் காட்ட நம் கையில் மிஞ்சியிருப்பவற்றில் பாட்டும் ஒன்று.

கடல் கடந்த ஒரு பாட்டு

இவ்விடத்தில் ஓர் உண்மை வரலாற்றைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலக் கரையோரத்தில் ஹரிஸ் நெக் என்றோர் ஊர். ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் சந்ததியினர் அங்கு பயிர் செய்தும் மீன் பிடித்தும் வாழ்ந்தார்கள். 1930களில் லொரென்சோ டேர்னர் என்ற கறுப்பின மொழியறிஞர் அங்கு சென்று, அமேலியா டோலி என்ற பெண் பாடிய ஒரு சிறு பாட்டை ஒலிப்பதிவு செய்தார். சில வரிகள்தான். பாடியவருக்கு அதன் பொருள் தெரியாது. அது மேற்கு ஆபிரிக்காவின் மெண்டே மொழி என்று பின்னர் அறியப்பட்டது.

1942இல் விமானத்தளம் அமைப்பதற்காக அரசாங்கம் ஹரிஸ் நெக் மக்களை வெளியேற்றியது. அவர்களும் நம்மைப்போல் வீட்டையும் நிலத்தையும் விட்டுப் போனவர்களே. ஆனால் அமேலியாவின் மகள் மேரி மோரன் தாயின் பாட்டை மறக்கவில்லை.

1990இல் ஆய்வாளர் சிலர் அந்த ஒலிப்பதிவை எடுத்துக்கொண்டு சியரா லியோன் நாட்டின் கிராமங்களுக்குப் போனார்கள். செனெஹுன் ங்கோலா என்ற கிராமத்தில் பெயிண்டு ஜபாட்டி என்ற பெண், அதைக் கேட்டதும் கூடச் சேர்ந்து பாடினார். அவருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவர் அவருடைய பாட்டி. அது இறந்தவரை வழியனுப்பும் சடங்கில் பெண்கள் பாடும் பாட்டு. 1991இல் அங்கே உள்நாட்டுப் போர் மூண்டதால் மேரி மோரனின் பயணம் தள்ளிப்போயிற்று. 1997இல் அவர் அந்தக் கிராமத்துக்குச் சென்று பெயிண்டு ஜபாட்டியைச் சந்தித்தார்.

எண்ணிப் பாருங்கள். அடிமைக்கப்பல் அவர்களுடைய பெயரைப் பறித்தது, மொழியைப் பறித்தது. இரு நூற்றாண்டுகளுக்குப் பிறகு வீட்டுக்கு வழிகாட்டியது தாய் மகளுக்குச் சொல்லிக்கொடுத்த சில வரிகளே.

எங்கே அறுகிறது?

அந்தப் பாட்டு பிழைத்தது ஒவ்வொரு தலைமுறையிலும் ஒருத்தியாவது பாடியதால். ஒரு தலைமுறை வாய்மூடி இருந்திருந்தால் சங்கிலி அறுந்திருக்கும்.

நம்மிடையே அது அறுகின்ற இடம் எது? ஆச்சி ஊருக்குத் திரும்பிவிட்டாள். பிள்ளைகள் கொழும்பிலோ கடல் கடந்தோ இருக்கிறார்கள். அல்லது எல்லோரும் ஒரே வீட்டில் இருந்தும், பிள்ளை அழுதவுடன் கைத்தொலைபேசியைக் கொடுத்துவிடுகிறோம். முன்பள்ளியில் ஆங்கிலப் பாட்டுப் படிப்பிப்பதில் தவறில்லை. உலகத்துப் பாட்டெல்லாம் நம் பிள்ளைக்கும் உரியவை. ஆனால் பனிமழையைப் பாடத் தெரிந்த பிள்ளைக்குப் பனம்பழத்தையும் பாடத் தெரிய வேண்டாமா?

நாம் செய்யக்கூடியவை

பணமோ திட்டமோ இதற்குத் தேவையில்லை.

முதலாவது, வீட்டிலும் அயலிலும் உள்ள முதியவர்களிடம் கேளுங்கள். "பாட்டுச் சொல்லுங்கோ ஆச்சி" என்று கேட்டால் "எனக்கொண்டும் தெரியாது" என்பார்கள். ஒரு பேரப்பிள்ளையை மடியில் கொடுத்துப் பாருங்கள். பாட்டு தானாக வரும்.

இரண்டாவது, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். பேச்சுத்தமிழைத் திருத்த வேண்டாம். எந்த ஊர்ப் பாட்டு, எந்த விளையாட்டுக்கு உரியது, கை எப்படி அசைய வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் குரலையும் பதிவு செய்யுங்கள். இராகத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது.

மூன்றாவது, முன்பள்ளி ஆசிரியைகள் கிழமைக்கு ஒருநாள் ஓர் ஆச்சியையோ அப்புவையோ அழைத்துப் பிள்ளைகளுக்கு நடுவில் இருத்தலாம்.

நான்காவது, வெளிநாட்டிலுள்ள பேரப்பிள்ளையோடு கதைக்கும்போது "சாப்பிட்டியோ" என்று கேட்பதோடு நில்லாமல் ஒரு பாட்டுப் பாடுங்கள். பொருள் இன்று விளங்காவிட்டாலும் பாதகமில்லை. மேரி மோரனுக்கும் விளங்கவில்லை.

எல்லாவற்றிலும் முக்கியமானது, எழுதிய கொப்பியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுக் காரியம் முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். விதைநெல் களஞ்சியத்தில் கிடந்தால் விளையாது. மண்ணில் விழ வேண்டும். பாட்டும் அப்படியே. இன்றிரவு பிள்ளையை உறங்கவைக்கும்போது, உங்களுக்கு நினைவுள்ள இரண்டு வரியையாவது பாடுங்கள். மறந்துபோன மூன்றாவது வரியை நாளைக்கு ஆச்சியிடம் கேட்கலாம், அவள் இருக்கும்போதே.