கல்யாணப் பணத்தைப் பங்கு மார்க்கெட்டில் போடலாமா?

புத்தாண்டுக்கு முன் குடும்பத்தோடு உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு

தாராவி டீக்கடையிலும் மாதுங்கா ரெயில் நிலையத்திலும் நாலு தமிழர்கள் கூடினால் ஒரே பேச்சு: "ஷேர் வாங்கலாமா, விற்கலாமா?"

பேச்சுக்குக் காரணம் இருக்கிறது. 2024 செப்டம்பரில் 85 ஆயிரம் புள்ளிகளைத் தாண்டிய மும்பை பங்கு மார்க்கெட் குறியீட்டு எண், 2025 ஏப்ரல் 7-ந் தேதி 73 ஆயிரம் அளவுக்கு வந்து நின்றது. அமெரிக்கா அறிவித்த இறக்குமதி வரியைக் கண்டு மார்க்கெட் மிரண்டு, அன்று ஒரே நாளில் 2,226 புள்ளிகள் சரிந்தன. அதே ஆண்டில் மார்க்கெட் மீண்டும் 80 ஆயிரத்தைத் தாண்டியது.

மார்க்கெட் எழுந்துவிட்டது. ஆனால் நடுவில் அவசரம் வந்து நஷ்டத்துக்கு விற்றவர் எழுந்தாரா? புத்தாண்டுக்குத் திட்டம் போடும் குடும்பஸ்தர்கள் யோசிக்க வேண்டியது இதைத்தான்.

ஆலமரத்தடியில் பிறந்த மார்க்கெட்

மும்பைக்கு இந்த ஏற்ற இறக்கம் புதிது அல்ல. 1850-களில் டவுன் ஹால் அருகே ஆலமரத்தடியில் தரகர்கள் கூடி வியாபாரம் செய்தார்கள். 1861-ல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. அங்கிருந்து இங்கிலாந்து மில்களுக்குப் பஞ்சு போவது தடைப்பட்டது. பம்பாய் பஞ்சுக்குக் கிராக்கி வந்து, பணம் பங்குகளில் பாய்ந்தது. 1865-ல் போர் முடிந்ததும் பஞ்சு விலை விழுந்தது. பங்குகள் வெறும் காகிதம் ஆயின!

1992-ல் ஹர்ஷத் மேத்தா ஊழல் வெளியானபோதும் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சேமிப்பு கரைந்தது.

2008-ஐப் பாருங்கள். ஜனவரியில் குறியீட்டு எண் 21 ஆயிரத்தைத் தொட்டது. அக்டோபர் 27-ந் தேதி 8,509-ல் முடிந்தது. ஜனவரி உச்சத்தில் போட்ட ஒரு லட்சம் ரூபாய், குறியீட்டு எண்ணோடு சேர்ந்து இறங்கியிருந்தால், ஏறக்குறைய 41 ஆயிரம் ஆகியிருக்கும். பழைய உச்சியை 2010 நவம்பரில் மார்க்கெட் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் இறங்கியது. அதைத் தாண்டி மேலே போக 2013 இறுதி ஆயிற்று.

பொறுத்தவருக்கு ஆறு ஆண்டு காத்திருப்பு. 2009 தையில் மகளுக்கு முகூர்த்தம் குறித்தவர் என்ன செய்வார்? முகூர்த்தம் காத்திருக்குமா?

முதலில் கடன்

கிரெடிட் கார்டு பாக்கி, கைமாற்று, வட்டிக் கடன் எதுவானாலும் முதலில் அதைத் தீருங்கள். மாதம் 3 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 36 சதவீதம். எந்தப் பாங்கியும் தபாலாபீசும் டெபாசிட்டுக்கு அவ்வளவு தராது. கடனை அடைப்பதே முதல் லாபம்.

அடுத்து அவசரப் பணம்

வெளிமாநிலத்தில் பிழைப்பவர்களுக்கு இது மிக முக்கியம். "அப்பாவுக்கு உடம்பு சரியில்லை" என்று ஊரிலிருந்து போன் வந்தால், ரெயில் செலவு, ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் இல்லாத லீவு எல்லாம் ஒரே வாரத்தில் வந்து சேரும். ஆறு மாதச் செலவுக்கான தொகை பாங்கியில் இருக்கட்டும். முடியாவிட்டால் மூன்று மாதத்துக்காவது இருக்கட்டும்.

எல்லாவற்றையும் ஒரே பாங்கியில் போடாதீர்கள். 2019 செப்டம்பரில் பஞ்சாப்-மராட்டிய கூட்டுறவு பாங்கி முடக்கப்பட்டபோது, முதலில் 1,000 ரூபாய்தான் எடுக்க முடியும் என்றார்கள். மும்பையில் ஆயிரக்கணக்கானோர் வாசலில் நின்று அழுதார்கள். 2020 பிப்ரவரி முதல் ஒரு பாங்கியில் ஒருவருக்கு 5 லட்சம் ரூபாய் வரை டெபாசிட் இன்சூரன்ஸ் உண்டு. அதற்கு மேல் இருந்தால் இன்னொரு பாங்கியில் போடுங்கள்.

456 ரூபாய் பாதுகாப்பு

பிரதமரின் ஜீவன் ஜோதி திட்டத்தில் ஆண்டுக்கு 436 ரூபாய்க்கு 2 லட்சம் ரூபாய் ஆயுள் இன்சூரன்ஸ். 18 முதல் 50 வயது வரை சேரலாம். சுரக்ஷா திட்டத்தில் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்து இன்சூரன்ஸ். இரண்டும் சேர்த்து 456 ரூபாய்.

ஒரு எச்சரிக்கை. இந்தப் பணத்தைக் கணக்கிலிருந்து மே மாதக் கடைசியில் எடுப்பார்கள். கோடை லீவுக்கு ஊருக்குப் போய்க் கணக்கைத் துடைத்துவிட்டு வருகிற மாதமும் அதுதான்!

தேதி குறித்த பணம்

ஐந்து ஆண்டுக்குள் கல்யாணமோ, காலேஜ் சேர்க்கையோ, ஊரில் வீட்டு வேலையோ இருந்தால் அந்தப் பணம் தலால் தெருப் பக்கமே போகக் கூடாது. தபாலாபீஸ் ஆர்.டி.யை மாதம் 100 ரூபாயில் தொடங்கலாம். முதிர்வுக் காலம் 5 ஆண்டு. நீண்ட காலத்துக்குப் பி.பி.எப். இருக்கிறது. ஆண்டுக்கு 500 ரூபாய் முதல் ஒன்றரை லட்சம் வரை கட்டலாம். முதிர்வு 15 ஆண்டு. 2020 ஏப்ரல் முதல் 2025 முடிய அதன் வட்டி 7.1 சதவீதமாகவே இருந்தது.

மிச்சம் இருந்தால் பங்கு

இத்தனைக்கும் பிறகு மிஞ்சுவதில், ஏழெட்டு ஆண்டு தொடத் தேவை இல்லாததை மட்டும் பங்குகளில் போடலாம். ஒரே நாளில் மொத்தமாகப் போடாமல், மியூச்சுவல் பண்டில் மாதாமாதம் 500, 1,000 என்று கட்டலாம். விலை இறங்கிய மாதத்தில் அதே பணத்துக்கு அதிக யூனிட் கிடைக்கும். இறக்கம் அவரைப் பயமுறுத்தாது.

ஆனால் செல்போனில் வரும் "டிப்ஸ்" நம்பி ஆப்ஷன் வியாபாரத்தில் இறங்காதீர்கள். 2021-22 முதல் மூன்று நிதி ஆண்டுகளில், பியூச்சர்-ஆப்ஷன் வியாபாரம் செய்த தனிநபர்களில் 100-க்கு 93 பேர் நஷ்டம் அடைந்ததாக 'செபி' 2024-ல் கணக்கிட்டுச் சொன்னது.

மார்க்கெட் எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. மகளுக்கு எந்த ஆண்டு கல்யாணம், மகனுக்கு எந்த ஆண்டு காலேஜ் என்பதை வீட்டில் உள்ளவர்கள் சொல்லிவிடலாம். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நோட்டை எடுத்து, அந்த ஆண்டுகளை முதலில் எழுதுங்கள். பணம் எங்கே போக வேண்டும் என்பது தானாகத் தெரியும்.