கேள்விச் செல்வமும் ஓசையடங்கிய கணினியும்

திருக்குறளிலே கல்வி, கல்லாமை என்னும் இரண்டு அதிகாரங்களையும் அடுத்து, 42ஆவது அதிகாரமாகக் கேள்வி வைக்கப்பட்டிருக்கின்றது. ஏட்டைப் பிரித்துப் படித்தலோடு அறிவு முற்றுப்பெறுவதில்லை. வல்லார் வாயிலிருந்து கேட்டலும் வேண்டும் என்பது நம் முன்னோர் கொள்கை. அவர்கள் காலத்திலே கேட்போன் சொல்வோனுக்கு எதிரே அமர்ந்திருந்தான். இன்றோ சொல்வோன் மறைந்து ஆண்டு பல கழிந்த பின்னரும் அவன் குரலைக் கேட்கின்றோம், முகத்தையும் காண்கின்றோம். இப்பேற்றை நமக்கு அளிப்பன இயந்திரங்கள். கேட்பிக்க வந்த இயந்திரமே ஓயாது இரைந்துகொண்டிருந்தாற் கேட்டல் எங்ஙனம் நிகழும்?

இலக்கியப் பகுதியிலே கணினி கட்டிய கதை எதற்கு என்று புருவம் நெரிக்கும் அன்பர்கள் சற்றுப் பொறுத்தருளல் வேண்டும். ஏட்டுச் சுவடியைக் காப்பது தமிழ்த் தொண்டாயின், ஒலிநாடாவைக் காப்பதும் அதன்பாற்பட்டதே. அதனைக் காத்து, வீட்டாரெல்லாம் ஒருங்கிருந்து கேட்கவும் காணவும் செய்யும் சிறு கருவியொன்றை அமைத்த வகையையே இங்கு எழுதுகின்றேன்.

யாழ்ப்பாணத்துச் சைவக் கோயில்களிலே கந்தபுராண படனம் நிகழும் முறையைப் பலரும் அறிவர். ஒருவர் செய்யுளை இசையோடு வாசிப்பார். மற்றொருவர் அதற்குப் பயன் சொல்லுவார். என் தந்தையார் பயன் சொல்லுபவர். அவைபுகு படலத்துக்கு அவர் பயன் சொல்லிய குரல் ஒலிநாடாவொன்றிலே பதிவாகியிருக்கின்றது. இடப்பெயர்வுகளிலே வீடும் ஏடும் போயின. அந்த நாடா மாத்திரம் உடுப்புப் பெட்டியினுள் வேட்டி மடிப்பிலே தப்பி, எங்களுடன் வெள்ளவத்தைக்கு வந்து சேர்ந்தது.

பயன் சொல்லுதலின் நுட்பம் சொல்லில் மாத்திரம் இல்லை. இடைவிட்டு நிற்கும் நிலையிலும் உண்டு. கடினமான சொற்றொடர் ஒன்று வந்தால் தந்தையார் ஒரு கணம் நிறுத்துவார். மூச்சை உள்ளே வாங்குவார். பின்னரே பதம் பிரிப்பார். அந்த ஒரு கணத்தைத்தான் எங்கள் வீட்டுப் பழைய கணினியின் விசிறி விழுங்கிவிட்டது. வெள்ளவத்தையில் ஒருபுறம் காலி வீதியின் இரைச்சல். மறுபுறம் கடற்கரையை ஒட்டிச் செல்லும் புகையிரதத்தின் முழக்கம். அவை வந்து போவன. அறைக்குள்ளே இருந்த இரைச்சலோ ஓயவேயில்லை.

கொட்டாஞ்சேனையிலே கணினி திருத்தும் தொழில் செய்யும் என் பழைய மாணாக்கர் ஒருவரிடம் இதனைச் சொன்னேன். நல்ல விசிறி ஒன்று வாங்கிப் பூட்டினால் ஆகாதா என்றும் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, "ஐயா, சத்தத்தை அடக்கிறதெண்டால் முதல்ல சூட்டைக் குறைக்கவேணும்" என்றார். நோயை விட்டு நோயின் காரணத்தை நாடிய விடை அது.

வெப்பமும் ஓசையும்

கணினியின் உள்ளே செல்லும் மின்சாரம் முழுவதும் ஈற்றில் வெப்பமாகவே வெளிப்படுகின்றது. வெப்பம் மிகுந்தால் விசிறி வேண்டும். விசிறி விரைந்து சுழன்றால் ஓசை எழும். இங்கே ஒரு கணக்குண்டு. ஒரே விசிறியின் வேகத்தைப் பாதியாக்கினால் அதன் ஓசை ஏறத்தாழ 15 டெசிபெல் குறையும். 10 டெசிபெல் குறைந்தாலே நம் செவிக்கு ஓசை பாதியானதுபோலத் தோன்றும். ஆகையால், சிறிய விசிறியை விரைவாகச் சுழற்றுவதிலும் பெரிய விசிறியை மெதுவாகச் சுழற்றுவது நன்று. விசிறியே இல்லாதிருப்பது அதனினும் நன்று.

விசிறியை நீக்க வேண்டுமாயிற் சிறிதளவே வெப்பம் உமிழும் செயலி வேண்டும். இன்ரெல் நிறுவனம் 2023ஆம் ஆண்டு வெளியிட்ட என்100 என்னும் செயலி 6 வாட்டு அளவுக்கு வகுக்கப்பட்டது. பழைய மேசைக் கணினிகளின் செயலிகள் 65 வாட்டும் அதற்கு மேலும் கொள்வன. 6 வாட்டு செயலி படம் காட்டப் போதுமா என்னும் ஐயம் எழலாம். சுருக்கப்பட்ட படத்தை விரித்துக் காட்டும் வேலைக்கென்றே அதனுள்ளே தனியுறுப்பு ஒன்று உண்டு. எச்.264, எச்.265, ஏவி1 முதலிய படமுறைகளை அவ்வுறுப்பே விரித்துவிடுவதால், செயலியின் ஏனைய பகுதிகள் பெரும்பாலும் வாளாவிருக்கின்றன. கருத்தூன்றிச் செய்யும் ஒருவன், பதறிச் செய்யும் பத்துப் பேரினும் மேலானவன் அல்லவா?

பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலே கடை கடையாக ஏறி இறங்கி, அச்செயலி பொருத்திய சிறு பலகையையும், துடுப்புத் துடுப்பாக வார்க்கப்பட்ட அலுமினியப் பெட்டி ஒன்றையும் வாங்கினோம். பெட்டியே வெப்பத்தை ஏற்று வெளியே விடும் உறுப்பாகும். செயலிக்கும் பெட்டிக்கும் இடையே வெப்பப் பசை தடவப்படும். இரண்டு உலோகப் பரப்புகள் எவ்வளவு வழுவழுப்பாகத் தோன்றினும் அவற்றிடையே காற்று நிற்கும் நுண்ணிய பள்ளங்கள் உண்டு. காற்றோ வெப்பத்தை எளிதிற் கடத்தாது. பசை அப்பள்ளங்களை நிரப்புகின்றது. அதனை அளவாகத் தடவல் வேண்டும். அப்பிவிட்டால் அதுவே தடையாகும்.

விசிறியில்லாப் பெட்டியால் வேறொரு நன்மையும் உண்டு. விசிறியுள்ள கணினி புறக்காற்றை உள்ளே இழுக்கின்றது. கடலோரத்து வீடுகளில் அந்தக் காற்று உப்பையும் ஈரத்தையும் தூசியையும் கொணர்ந்து பலகையின் மேற் படியச் செய்யும். மூடிய பெட்டியில் அத்தொல்லை குறைவு.

இனி, சுழலும் வன்தட்டின் இரைச்சல். மென்பொருளை எஸ்.எஸ்.டி. என்னும் அசைவற்ற சேமிப்பகத்திலே வைத்தோம்; அதில் சுழலும் உறுப்பு எதுவும் இல்லாமையால் ஓசையும் இல்லை. பெருந்தொகுப்புக்கு வன்தட்டு வேண்டியிருந்தால், அதனை வேறோர் அறையில் வைத்துக் கம்பி வழியாக இணைப்பதே தக்கது.

மின்கட்டணத்தையும் சற்றுப் பார்ப்போம். எங்கள் பெட்டி படம் காட்டும்போது ஏறத்தாழ 10 வாட்டு கொள்கின்றது. நாளொன்றுக்கு 6 மணி நேரம் இயங்கினால் மாதத்துக்கு 1.8 அலகு. 100 வாட்டு கொள்ளும் பழைய கணினி அதே நேரத்துக்கு 18 அலகு கொள்ளும். அலகு ஏற ஏறக் கட்டண வீதமும் ஏறும் இந்நாட்டிலே இவ்வேறுபாடு சிறியதன்று. 2022ஆம் ஆண்டு மார்ச் இறுதியில் ஒரு நாளைக்கு 13 மணி நேரம் மின்வெட்டு நிகழ்ந்ததை நாம் மறக்கவில்லை. 10 வாட்டு கருவியைச் சிறிய மின்கலம் ஒன்றே சில மணி நேரம் தாங்கும்.

ஏடு பெயர்த்தெழுதும் உரிமை

உடலைச் சொன்னேன், இனி உயிரைச் சொல்லல் வேண்டும். கணினியின் உயிர் மென்பொருள். நாங்கள் தெரிந்தது லினக்ஸ். பின்லாந்து நாட்டு எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லீனஸ் தோவால்ட்சு 1991ஆம் ஆண்டு அதனை உலகுக்கு அறிவித்தபோது அவருக்கு வயது 21. அதற்கு முன்னரே, 1983ஆம் ஆண்டில், ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார் குனூ என்னும் கட்டற்ற மென்பொருள் முயற்சியை அறிவித்திருந்தார். அவ்வியக்கம் பயன்படுத்துவோனுக்கு நான்கு உரிமைகளை வகுத்தது: எக்காரியத்துக்கும் இயக்குதல், உள்ளே எழுதியிருப்பதைக் கற்றுத் திருத்துதல், பிரதி செய்து பிறர்க்கு வழங்குதல், திருத்திய வடிவத்தையும் பகிர்தல்.

தமிழ் ஆசிரியனுக்கு இது புதுமையாகத் தோன்றவில்லை. நம் நூல்கள் ஏடு பெயர்த்தெழுதியவர்களாலேயே வாழ்ந்தன. செல்லரித்த ஏடுகளைத் தேடி ஒப்பு நோக்கி, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887ஆம் ஆண்டு கலித்தொகையைப் பதிப்பித்தார். ஏட்டைப் பெயர்த்தெழுதுதல் கூடாது என்று ஒருவர் பூட்டிவைத்திருப்பின் அவர் பதிப்பதற்கு என்ன எஞ்சியிருக்கும்? பிரதி செய்யும் உரிமை உள்ள பொருள் பிழைக்கும். ஒருவன் கையில் மாத்திரம் உள்ள பொருள் அவனோடு போகும்.

இன்று மாதக் கட்டணம் செலுத்திப் படம் பார்க்கின்றோம், பாட்டுக் கேட்கின்றோம். அவற்றைக் குறை கூற வரவில்லை. எனினும், உரிமம் முடிந்தால் நேற்றிருந்த படம் இன்று இராது. நம் தந்தையார் குரலையும் பிள்ளையின் திருமண ஒளிநாடாவையும் அவ்வாறு பிறர் களஞ்சியத்திலே விட்டுவைத்தல் தகுமா?

படங்களையும் பாடல்களையும் நிரைப்படுத்திக் காட்டுவதற்குக் கோடி என்னும் மென்பொருளை வைத்தோம். எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தன்னார்வலர்கள் எழுதத் தொடங்கிய அது, பின்னர் லினக்சுக்கு வந்து, 2014ஆம் ஆண்டு இப்பெயர் பெற்றது. அதனை மாத்திரம் இயக்குவதற்கென்றே லிப்ரெலெக் என்னும் சிறு லினக்ஸ் தொகுப்பு 2016ஆம் ஆண்டு முதல் வெளிவருகின்றது. பெட்டியை முடுக்கினால் நேரே படப்பட்டியல் தோன்றும். விசைப்பலகை வேண்டியதில்லை, தொலைக்காட்சியின் ரிமோட்டே எச்.டி.எம்.ஐ. கம்பி வழியாக இதனையும் ஏவும். என் தாயார் ஒரே மாலையில் அதனைப் பழகிக்கொண்டார்.

எழுத்தும் சுருதியும்

பண்டிதனுக்கு உவப்பான இடம் இனித்தான் வருகின்றது. கோப்புகளுக்கெல்லாம் தமிழிலேயே பெயரிட்டேன். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றுவிட்டது. எனினும் அதன் எண்வரிசை நம் நெடுங்கணக்கு வரிசையன்று. அங்கே நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகரமும் ழகரமும் நிற்கின்றன. சகரத்தை அடுத்து ஜகரம் வருகின்றது. எண்வரிசையை மாத்திரம் நம்பி அடுக்கும் மென்பொருள் நம் அகராதி முறையைக் குலைத்துவிடும். நெடுங்கணக்கின்படி அடுக்குவதற்குத் தனி விதி எழுதியிருத்தல் வேண்டும்.

எழுத்துருவத்திலும் ஒரு நுட்பமுண்டு. 'கொ' என்னும் எழுத்திலே கணினி முதலிற் ககரத்தையும் பின்னர் ஒகரக் குறியையும் சேமிக்கின்றது. காட்டும்போதோ கொம்பு முன்னும் கால் பின்னும் வரல் வேண்டும். இதனைச் செய்யும் ஆர்ஃப்பஸ் என்னும் கட்டற்ற நிரல் இல்லாத இடத்திலே உரைவரிகள் உடைந்து தோன்றும். பிறருடைய பூட்டிய மென்பொருளில் இக்குறை இருந்தால் அவர்கள் மனமிரங்கும் நாளை எதிர்பார்த்திருத்தல் வேண்டும். திறந்த மென்பொருளிலே தமிழறிந்த இளைஞன் ஒருவன் தானே திருத்தலாம்.

இசையறிந்தார்க்கு ஒரு செய்தி. திரைப்படம் நொடிக்கு 24 சட்டகமாக எடுக்கப்படுகின்றது. இலங்கைத் தொலைக்காட்சி தழுவிய பால் முறையோ நொடிக்கு 25. ஆதலால் அம்முறைக்கு மாற்றப்பட்ட படங்கள் பல நூற்றுக்கு 4 பங்கு விரைந்து ஓடின. திருத்தஞ் செய்யாதவிடத்துப் பாட்டின் சுருதியும் ஏறக்குறைய ஓர் அரைத்தொனியில் பத்தில் ஏழு பங்கு உயர்ந்தது. இசைத்தட்டிற் கேட்ட பாட்டுக்கும் தொலைக்காட்சியிற் கேட்ட பாட்டுக்கும் சுருதி ஒவ்வாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும். கோடியிலே படத்தின் வேகத்துக்கேற்பத் திரையின் வேகத்தை மாற்றும் அமைப்பு உண்டு. அதனை இயக்கிவிட்டால், 24 சட்டகப் படம், திரை இடங்கொடுக்குமாயின், 24 சட்டகமாகவே ஓடும்.

ஒலிநாடாவை மாற்றும் முறையும் எளிது. நாடாக்கருவியின் தலையைத் துப்புரவு செய்து, நாடாவை ஒருமுறை முன்னும் பின்னும் ஓடவிட்டுப் பின்னர் பதிவு செய்தல் வேண்டும். இறுவட்டின் தரத்தில் ஒரு மணி நேர ஒலி ஏறத்தாழ 635 மெகாபைற்று. ஃபிளாக் என்னும் கட்டற்ற முறை, ஒலியில் எதனையும் இழவாமல் அதனைப் பெரும்பாலும் பாதியளவாகச் சுருக்கும். ஒரு டெராபைற்றில் ஏறத்தாழ 3,000 மணி நேரத்துக் குரல் அடங்கும். ஓர் ஊர்க் கோயிலின் படனங்கள் யாவற்றுக்கும் அது போதாதா?

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981ஆம் ஆண்டு எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈழத்திலே எடுக்கப்பட்ட தமிழ்த் திரைப்படங்கள் சிலவற்றின் பெயரை மாத்திரமே இன்று அறிகின்றோம். படத்தைக் காணுதல் அரிது. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகம் நம் நூல்களையும் இதழ்களையும் தேடி வைத்துவருகின்றது. அச்சிட்டவற்றுக்கு அவ்வாறு ஒரு புகல் உண்டு. வீட்டு அலுமாரிகளிலே கிடக்கும் தாலாட்டும் ஒப்பாரியும் கூத்தும் பயன் சொல்லுதலும் யார் பொறுப்பு? நம் பொறுப்பே.

ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று கூறுவேன். இத்தகைய பெட்டி ஒன்றைப் பாடசாலை நூலகத்தில் வைத்து, மாணவர் தத்தம் வீட்டு முதியோர் குரலைப் பதிந்து கொணரச் செய்யலாம். பதிந்ததை மூன்று பிரதியாக்குக. அவற்றுள் ஒன்று வேறொரு வீட்டில் இருத்தல் வேண்டும். எங்கள் தொகுப்பின் இரண்டாம் பிரதி கொட்டாஞ்சேனையில் அம்மாணாக்கர் வீட்டில் இருக்கின்றது. மூன்றாவது கடல் கடந்து என் தங்கையிடம் இருக்கின்றது. நாடாக்கள் ஆண்டுதோறும் வலுவிழந்துகொண்டே வருகின்றன. அவற்றை ஓட்டும் கருவிகளும் அருகிவருகின்றன. வரும் பாடசாலை விடுமுறையை விட்டால் அடுத்த விடுமுறைக்கு அவை ஓடும் என்பது உறுதியன்று.