பிராசசர் கோரை நிறுத்தினால் இன்டரப்ட் எங்கே போகும்?

எங்கள் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் தலா 500 மெகாவாட் யூனிட்கள் 3 உள்ளன. பராமரிப்புக்காக ஒன்றை நிறுத்தும்போது, அதன் லோடைப் படிப்படியாகக் குறைத்த பிறகே கிரிட்டிலிருந்து பிரிப்பார்கள். லினக்ஸில் ஒரு பிராசசர் கோரை நிறுத்துவதும் இப்படித்தான்.

கீபோர்டில் ஒரு கீயைத் தட்டினாலும், ஹார்ட் டிஸ்க் எழுதி முடித்தாலும் பிராசசருக்கு ஒரு சிக்னல் போகும். இதுவே இன்டரப்ட். அது எந்தக் கோருக்குப் போக வேண்டும் என்பது முன்பே ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தக் கோரைத் திடீரென நிறுத்தினால் சிக்னலைக் கேட்க ஆளிருக்காது. டிஸ்க் வேலையை முடித்தும், பைலை சேவ் செய்த புரோகிராம் காத்துக்கொண்டே நிற்கும். சிஸ்டம் ஹேங் ஆகிவிடும்.

எனவே கெர்னல் முதலில் அந்த இன்டரப்ட்களை இயங்கிக்கொண்டிருக்கும் வேறு கோர்களுக்கு மாற்றுகிறது. மாற்றும் நேரத்தில் வந்து காத்திருக்கும் சிக்னலையும் விடாமல் புதிய கோருக்கு அனுப்புகிறது. இன்டெல், ஏஎம்டி பிராசசர்களில் ஒரு கோருக்கு 256 இன்டரப்ட் எண்களே உண்டு. மற்ற கோர்களில் இடம் போதாவிட்டால், நிறுத்தவே கெர்னல் மறுத்துவிடும்.

இது சர்வர் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். மெமரிக்கு மட்டும் மின்சாரம் செல்லும் ஸ்லீப் நிலைக்கு லேப்டாப்பை அனுப்பும்போது, முதல் கோர் தவிர மற்றவை இப்படித்தான் நிறுத்தப்படுகின்றன.

கோரை மீண்டும் இயக்கினாலும், இடம் மாறிய சாதாரண இன்டரப்ட்கள் தானாகத் திரும்புவதில்லை. ப்ராக் டைரக்டரியில் உள்ள இன்டரப்ட்ஸ் பைலைத் திறந்து பாருங்கள். எந்தக் கோருக்கு எத்தனை வந்தன என்பது தெரியும். எல்லாம் ஒரே கோரில் குவிந்திருந்தால் ஐஆர்க்யூபேலன்ஸ் சர்வீஸை இயக்குங்கள். நான் அப்படித்தான் செய்கிறேன்.