புயல் போனது ஆந்திராவுக்கு, எண்ணெய் வந்தது வீட்டுக்கு

கார்த்திகை மாத மழை பிடித்துக்கொண்டால் திருவொற்றியூர் டீக்கடைகளில் கேட்கும் முதல் கேள்வி: "கூண்டு எத்தினி ஏத்திக்கீறாங்க?" எண்ணைக் கேட்டதும் ஒருவர் தலையாட்டுவார், இன்னொருவர் டீயை ஆற்றிக் குடிப்பார். அந்த எண் என்ன சொல்கிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டுக்கு ஒரு கணக்கு உண்டு. 1, 2 என்றால் புயல் தொலைவில், நடுக்கடலில். 3, 4 என்றால் மோசமான வானிலை துறைமுகத்தையே தொடக்கூடும். 5 முதல் 7 வரை அபாயம். 8 முதல் 10 வரை பெரும் அபாயம். 11 ஏறினால், வானிலை மையத்துடன் தகவல் தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள்.

இதில் 6-ஐயும் 9-ஐயும் கடலோரக் குப்பங்கள் கவனிக்க வேண்டும். புயல் போகும் பாதைக்கு வலப்பக்கம் துறைமுகம் இருக்கிறது என்பதே இவற்றின் செய்தி. அதாவது, மேற்கு நோக்கி வரும் புயல் சென்னைக்குத் தெற்கே கரையேறப் போகிறது. நம் கடலில் புயல் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழல்வதால், அப்போது இங்கே காற்று கடலிலிருந்து கரையை நோக்கி அடிக்கும். அலை ஊருக்குள் ஏறும். படகை மேட்டுக்கு இழுக்கும் வேலை அதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

கூண்டு காற்றைத்தான் சொல்லும், மழையைச் சொல்லாது. மழைக்குத் தனியாக நிற எச்சரிக்கையைப் பார்க்க வேண்டும். 24 மணி நேரத்தில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டும் அதி கனமழைக்கு விடுவது சிவப்பு.

2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் புயல் கரையைக் கடந்தது ஆந்திராவின் பாபட்லா அருகே. ஆனால் அதற்கு முந்தைய இரண்டு நாட்களில் சென்னை மூழ்கியிருந்தது. வடசென்னைக்கு வெள்ளத்தோடு இன்னொன்றும் சேர்ந்து வந்தது. மணலியிலிருந்து பக்கிங்காம் கால்வாய் வழியாக எண்ணெய் கலந்த நீர் திருவொற்றியூரின் தாழ்வான தெருக்களுக்குள் புகுந்து, எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. தண்ணீர் வடிந்த வீடுகளில், அது நின்ற உயரத்துக்குச் சுவரில் கறுப்பாக ஒரு கோடு. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாத கோடு. எண்ணூர் மீனவர்கள் வாளியால் எண்ணெயை அள்ளி டிரம்களில் நிரப்பினார்கள்.

எண்ணெய் சிபிசிஎல் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வந்தது என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தில் தெரிவித்தது. அதே மாதம் 26-ஆம் தேதி நள்ளிரவில் எண்ணூர் பெரியகுப்பம் அருகே, உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாய் கசிந்தது. மூச்சுத் திணறலோடு மக்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். புயலில் பாறைகள் நகர்ந்து குழாயைச் சேதப்படுத்தியிருக்கலாம் என்றது ஆய்வுக் குழு. அமோனியா நெடி வந்தால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காக விலகிப் போக வேண்டும்.

இங்கே நிவாரணம் வேறு, இழப்பீடு வேறு. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

நிவாரணம் அரசு தருவது. மிக்ஜாமுக்கு ரேஷன் கடை வழியாகக் குடும்பத்துக்கு 6,000 ரூபாய் வந்தது. எண்ணெயால் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாயும், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. பேரிடர் நிவாரண நிதியின் 2022-26 விதிகளில் உயிரிழப்புக்கு 4 லட்சம். வீடு இரண்டு நாளுக்கு மேல் மூழ்கிக் கிடந்தால் துணிமணிக்கு 2,500, பாத்திரம் பண்டத்துக்கு 2,500. முழுவதும் சேதமான படகுக்கு 15,000. கணக்கெடுக்க வருபவரிடம் பெயர் விடுபட்டால் தாசில்தார் அலுவலகத்தில் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

இழப்பீடு, கெடுதல் செய்தவர் தர வேண்டியது. தேசிய பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன் 15-ஆம் பிரிவு இதற்கு வழிசெய்கிறது. தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு சென்னையிலேயே இருக்கிறது. கேட்கும் தொகையில் ஒரு சதவீதம் கட்டணம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. அரசு நிவாரணம் வாங்கியிருந்தாலும் மனு போடத் தடையில்லை. வாங்கியதைச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான்.

வக்கீலுக்குப் பணம்? சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன் 12-ஆம் பிரிவு வெள்ளம், பெருவிபத்து, தொழிற்சாலைப் பேரிடர் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர்களுக்கு இலவச சட்ட உதவி தருகிறது. அழைக்க வேண்டிய எண் 15100.

மூழ்கிய பைக்குக்கும் ஆட்டோவுக்கும் தனி எச்சரிக்கை. தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸில் வெள்ளச் சேதத்துக்குப் பைசா வராது. முழு இன்சூரன்ஸ் இருந்தாலும், தண்ணீர் புகுந்த வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால் கம்பெனி கைவிரிக்கக்கூடும். சாவியைத் தொடாமல் போட்டோ எடுத்து, முதலில் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கிளெய்ம் நிராகரிக்கப்பட்டால் ஓராண்டுக்குள் இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

இவை எல்லாவற்றுக்கும் சான்று கேட்பார்கள். அந்தச் சான்றைத்தான் நாம் முதல் வேலையாகக் கழுவிவிடுகிறோம். சுவர்க் கோட்டின் பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திப் படம் எடுங்கள். கதவு எண்ணும் அதில் தெரியட்டும். எண்ணெய் தோய்ந்த வலையின் ஒரு துண்டை எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டில் "நெடியால் மூச்சுத் திணறல்" என்று எழுதச் சொல்லிக் கேளுங்கள். மாநகராட்சியின் 1913-க்கோ மாநில அவசர மையத்தின் 1070-க்கோ அழைத்தால் தேதி, நேரம், புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 15-ஆம் பிரிவில் மனு போட ஐந்தாண்டு கெடு உண்டு. மிக்ஜாம் எண்ணெய்க்கு அது 2028 டிசம்பரில் முடிகிறது.