பெஞ்சில் இருக்கும் இளைஞன்

களத்தில் ஆடுகின்றவர்களைப் பற்றி ரசிகர்கள் வாதாடுவது எந்த விளையாட்டிலும் இயற்கை. ஆனால், ஆடாமல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒருவனைப் பற்றி அதனினும் கடுமையாக வாதாடுகின்ற கூட்டம் ஒன்று உண்டு என்றால் நேயர்கள் வியப்படையலாம். அமெரிக்க நாட்டுக் கூடைப்பந்து ரசிகர்களே அக்கூட்டத்தினர். ஆண்டுதோறும் பிப்ரவரி மாதம் நெருங்கும்பொழுது அந்நாட்டு நகரங்கள் பலவற்றிலும் ஒரே கேள்வி எழுகின்றது. "பெஞ்சில் இருக்கும் அந்த இளைஞனைக் கொடுத்துவிட்டு, இன்றே பயன்படக்கூடிய தேர்ந்த ஆட்டக்காரர் ஒருவரை வாங்கிவிடலாமா?" என்பதே அக்கேள்வி. அதனுள் அடங்கியிருக்கும் கணக்கு யாது, விடை காணும் வழி யாது என்பதை விளக்குவதே இன்றைய பேச்சின் நோக்கம்.

கூடைப்பந்து நமக்குப் புதிதன்று. 1891ஆம் ஆண்டு டிசம்பரில், மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில், ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் ஆசிரியர் பீச் பழக் கூடைகளை மாட்டி இவ்வாட்டத்தைத் தொடங்கி வைத்தார். அவர் பணியாற்றிய அதே பள்ளி பின்னர்க் கல்லூரியாக வளர்ந்தது. அங்குப் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர்தாம் 1920இல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆகவே ஆட்டம் நாம் அறிந்ததே. நம் ஊர்க் குழுக்களில் காணாத வழக்கம் ஒன்று மட்டும் அமெரிக்கத் தொழில்முறை ஆட்டத்தில் உண்டு. அதுதான் ஆட்டக்காரர்களைப் பண்டமாற்றுச் செய்துகொள்ளுதல்.

என்.பி.ஏ. எனப்படும் தேசியக் கூடைப்பந்துச் சங்கத்தில் முப்பது அணிகள் உள்ளன. ஓர் அணி, தன்னோடு ஒப்பந்தம் செய்துகொண்ட ஆட்டக்காரரை மற்றோர் அணிக்குக் கொடுத்து, அதற்கு ஈடாக அவ்வணியின் ஆட்டக்காரரைப் பெறலாம். அல்லது வருங்காலத் தேர்வுரிமையைப் பெறலாம். தேர்வுரிமை என்பது, ஆண்டுதோறும் புதிதாக வரும் இளைஞர்களுள் ஒருவரை முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும் உரிமை. இன்னும் விதைக்காத வயலின் விளைச்சலை இன்றே கைமாற்றுவது போன்றது இது. கால்பந்துக் கழகங்களைப்போல் பெரும்பணம் கொடுத்து ஆளை வாங்கும் வழக்கம் இங்கு இல்லை. ஆளுக்கு ஆள், ஆளுக்கு உரிமை என்பதே முறை. ஆதலால், ஒன்றைப் பெற வேண்டுமாயின் மற்றொன்றை இழந்தே ஆகவேண்டும். எதனை இழப்பது என்னும் பேச்சு எழுந்தவுடன் எல்லாருடைய கண்களும் பெஞ்சில் இருக்கும் இளைஞனை நோக்கித் திரும்புகின்றன.

அங்கே இரு கட்சிகள் பிறக்கின்றன. "பட்டினி கிடந்தாலும் விதைநெல்லை உண்ணலாகாது" என்பது ஒரு கட்சி. "இருப்பதை விட்டுப் பறப்பதைப் பிடிக்க நினைக்கலாகாது, இந்த ஆண்டின் வெற்றியே வெற்றி" என்பது மற்றொரு கட்சி. இரண்டும் பழமொழிகளின் துணையுடையவை, இரண்டுமே உண்மை. ஆகவேதான் வாதம் முடிவதில்லை.

வாதம் முடியாமைக்கு வேறொரு காரணமும் உண்டு. அது எளிய பெருக்கல் கணக்கு. ஓர் ஆட்டம் 48 நிமிடம். களத்தில் ஓர் அணிக்கு ஐவர். ஆகப் பங்கிடுவதற்குக் கிடைப்பவை 240 நிமிடங்கள். முதல் ஐவர் ஆளுக்கு 34 நிமிடம் ஆடினால் 170 கழிந்துவிடும். எஞ்சியவை 70 நிமிடங்கள். அணியில் உள்ள ஏனையோர் பத்துப் பேர்வரை அவற்றைப் பகிர்ந்துகொள்ள வேண்டும். அனுபவமுள்ளவர்கள் பெரும்பகுதியை எடுத்துக்கொண்ட பின்னர், இளைஞனுக்கு எட்டு நிமிடமோ பத்து நிமிடமோ கிடைக்கும். அதுவும் பலமுறை வெற்றி தோல்வி முடிவான பிறகே கிடைக்கும். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பது நம் முன்னோர் மொழி. ஆனால் பெருமரத்தின் நிழலில் நிற்கும் முளையில் என்ன தெரியும்? கண்ணுக்குத் தெரியாத பகுதியை ஒவ்வொரு ரசிகரும் தம் ஆசையாலோ அச்சத்தாலோ நிரப்பிக்கொள்கின்றார். வாதத்தின் சூடு அங்கேதான் பிறக்கின்றது.

இதற்குச் சான்றாக நடந்தவை சிலவற்றைக் காண்போம்.

முதலாவது போர்ட்லாந்து அணியின் கதை. ஜெர்மெயின் ஓநீல் என்னும் இளைஞரை அவ்வணி 1996இல் உயர்நிலைப் பள்ளியிலிருந்து நேரே எடுத்துக்கொண்டது. நான்கு ஆண்டுகள் அவர் பெரும்பாலும் பெஞ்சிலேயே இருந்தார். ஆட்டத்திற்குச் சராசரி நான்கு புள்ளிகள்கூட எட்டவில்லை. 2000ஆம் ஆண்டு மேற்குப் பிரிவின் இறுதிச் சுற்றில், லாஸ் ஏஞ்சல்ஸ் லேக்கர்ஸ் அணிக்கு எதிரான ஏழாவது ஆட்டத்தில், போர்ட்லாந்து 15 புள்ளிகள் முன்னணியில் இருந்து, கடைசிக் கால்பகுதியில் அனைத்தையும் இழந்து தோற்றது. லேக்கர்ஸின் பேருருவ ஆட்டக்காரரான ஷகீல் ஓநீலை எதிர்த்து நிற்க வலிய ஆள் வேண்டும் என்று கருதி, அந்த ஆகஸ்டில், 21 வயதான ஜெர்மெயினை இந்தியானா அணிக்குக் கொடுத்து, 31 வயதான டேல் டேவிஸைப் பெற்றது. விளைந்தது என்ன? ஜெர்மெயின் 2002 முதல் 2007 வரை ஆறு ஆண்டுகள் தொடர்ந்து நட்சத்திர ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். போர்ட்லாந்தோ அடுத்த மூன்று ஆண்டுகளும் முதற் சுற்றிலேயே தோற்றது. அவற்றுள் இரண்டு தோல்விகள் அதே லேக்கர்ஸ் அணியிடம்!

இதைக் கேட்டவுடன், இளைஞர்களை ஒருபோதும் கொடுக்கலாகாது என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். அதற்கு மாறானது சான் அன்டோனியோ அணியின் கதை. 2011ஆம் ஆண்டில் அவ்வணி 61 ஆட்டங்களில் வென்றும், எட்டாம் இடத்து அணியான மெம்பிஸிடம் முதற் சுற்றிலேயே தோற்றது. அதன் தூணான டிம் டங்கனுக்கு அப்பொழுது 35 வயது. மாற்று ஆட்டக்காரர்களுள் சிறந்தவராக விளங்கியவர் ஜார்ஜ் ஹில் என்னும் 25 வயது இளைஞர். பயிற்சியாளர் கிரெக் பாப்பவிச்சுக்கு அவர்மீது தனி அன்பு உண்டு. ஆயினும் அவரை இந்தியானாவிற்குக் கொடுத்து, அவ்வாண்டுத் தேர்வில் பதினைந்தாவதாக எடுக்கப்பட்ட கவாய் லெனார்டைப் பெற்றார்கள். 2014இல் சான் அன்டோனியோ பட்டம் வென்றது. இறுதிச் சுற்றின் சிறந்த ஆட்டக்காரர் அந்த லெனார்டே. ஹில்லும் தாழ்ந்துவிடவில்லை, தாம் பிறந்த இந்தியானாபொலிஸ் நகரத்து அணியிலேயே முதல் ஐவருள் ஒருவராக உயர்ந்தார்.

மூன்றாவது கதை, கொடுக்காமல் வைத்துக்கொண்டதன் கதை. லேக்கர்ஸ் அணி 2005இல் ஆண்ட்ரு பைனம் என்னும் 17 வயதுச் சிறுவரை எடுத்தது. 2007இல், அவரைக் கொடுத்து ஜேசன் கிட் என்னும் தேர்ந்த ஆட்டக்காரரை வாங்கியிருக்க வேண்டும் என்று அணியின் தலைமை நட்சத்திரமான கோபி பிரையன்டே சினந்து பேசியது படப்பதிவாகி நாடெங்கும் பரவிற்று. ரசிகர்கள் இரு கூறாகப் பிளந்தனர். நிருவாகம் அசையவில்லை. 2008 பிப்ரவரியில் பைனமைக் கொடுக்காமலேயே பாவ் கசோல் என்னும் பெரும் ஆட்டக்காரரைப் பெற்றது. 2009, 2010 ஆகிய ஈராண்டும் பட்டம் லேக்கர்ஸ் அணிக்கே. பைனமும் அதில் பங்கு கொண்டார். ஆனால் இங்கே ஒரு நுட்பம் உண்டு. கசோலைப் பெறுவதற்காகக் கொடுத்தவற்றுள், அவர் தம்பி மார்க் கசோலைப் பற்றிய உரிமையும் ஒன்று. முந்தைய ஆண்டு 48ஆவதாக எடுக்கப்பட்டு, ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்த அவரைப்பற்றிப் பைனமைப்பற்றி எழுந்த வாதத்தில் ஒரு சிறு பங்கும் எழவில்லை. அவரே 2013இல் சங்கத்தின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் ஆனார். பைனமோ 2012இல் வேறோர் அணிக்கு மாற்றப்பட்டு, முழங்கால் நோயினால் அவ்வணிக்காக ஓர் ஆட்டமும் ஆடவில்லை.

நான்காவது கதையில் பணம் நுழைகின்றது. இச்சங்கத்தில் அணிகள் கொடுக்கும் சம்பளத்திற்கு ஒரு வரம்பு உண்டு. மிகுதியாகச் செலவிடும் அணி தண்டவரி கட்ட வேண்டும். முதற் சுற்றில் எடுக்கப்படும் இளைஞரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு வரை செல்லும். சம்பளம் அட்டவணைப்படி குறைவு. அது முடியுங்காலம் நெருங்கினால், அவருடைய விலை திடீரென உயரும். 2012இல் ஓக்லஹோமா நகர அணிக்கு இந்நிலை வந்தது. கெவின் டுரான்ட், ரஸ்ஸல் வெஸ்ட்புரூக் என்னும் இருவருக்குப் பின்னால், பெஞ்சிலிருந்து வந்து ஆட்டத்திற்குச் சராசரி 16.8 புள்ளிகள் எடுத்தவர் ஜேம்ஸ் ஹார்டன். அவ்வாண்டின் சிறந்த மாற்று ஆட்டக்காரர் என்னும் விருதும் அவருக்கே கிடைத்தது. அணி இறுதிச் சுற்று வரை சென்றது. ஆயினும் புதிய ஒப்பந்தத்தில் இரு தரப்பாருக்கும் இடையே இருந்த சில மில்லியன் டாலர் இடைவெளி தீரவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் அவர் ஹூஸ்டன் அணிக்கு மாற்றப்பட்டார். நான்கு நாள் கழித்து, புதிய அணிக்கான முதல் ஆட்டத்திலேயே 37 புள்ளிகள் எடுத்தார். 2014இல் டுரான்டும், 2017இல் வெஸ்ட்புரூக்கும், 2018இல் ஹார்டனும் சங்கத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர்களாயினர். மூவரும் ஒரே அணியில் இருந்தவர்கள். மூவரும் சேர்ந்து ஒரு பட்டமும் வெல்லவில்லை. ஓக்லஹோமா மீண்டும் இறுதிச் சுற்றைக் கண்டது 2025இல்தான். அவ்வாண்டு பட்டம் வாங்கித் தந்த ஷேய் கில்ஜஸ் அலெக்சாந்தரோ, தொழில்முறையில் ஓராண்டே ஆடியிருந்த நிலையில், 2019இல் வேறோர் அணி கொடுத்துவிட்ட இளைஞர்!

இக்கதைகளை ஒருங்கே வைத்துப் பார்க்கும்பொழுது ஓர் உண்மை புலனாகின்றது. "இந்த இளைஞன் பிற்காலத்தில் பெரியவன் ஆவானா?" என்றே ரசிகர்கள் கேட்கின்றனர். அதற்கு விடை சொல்ல வல்லார் எவரும் இலர். அறிவுடைய கேள்விகள் வேறு மூன்று என்பது என் கருத்து.

முதற் கேள்வி: அவன் பெஞ்சில் இருப்பது தன் குறையாலா, இடமின்மையாலா? ஜெர்மெயினுக்கு முன்னால் போர்ட்லாந்தில் தேர்ந்த ஆட்டக்காரர் பலர் இருந்தனர். அவர் வளராதவர் அல்லர், வளர இடமில்லாதவர். நிழலில் வாடுவது வேறு, நோயால் வாடுவது வேறு என்பதை உழவன் அறிவான்.

இரண்டாம் கேள்வி: அணியின் தூணாக நிற்பவருக்கு வயது என்ன? அவருக்கு முப்பத்தைந்து என்றால், இளைஞன் முதிரும்வரை காத்திருக்க இயலாது. அவருக்கு இருபத்துமூன்று என்றால் காத்திருக்கலாம். டுரான்டுக்கு ஹார்டன் பிரிந்தபொழுது வயது 24 மட்டுமே.

மூன்றாம் கேள்வி: வருவது எத்தனை காலத்திற்கு வரும்? சான் அன்டோனியோ ஓர் இளைஞரைக் கொடுத்து அவரினும் இளையவரைப் பெற்றது. போர்ட்லாந்து வளரும் மரத்தைக் கொடுத்து முதிர்ந்த மரத்தைப் பெற்றது. முன்னது வாணிகம், பின்னது அவசரம்.

இம்மூன்றையும் ஆராய்ந்து எடுத்த முடிவு பின்னர்ப் பொய்த்துப் போனாலும், அதனைப் பழித்தல் முறையன்று. பைனமின் முழங்காலை முன்கூட்டி அறிந்தவர் எவர்? ஆராயாமல் எடுத்த முடிவு தற்செயலாகப் பலித்தாலும், அதனைப் புகழ்தல் தகாது.

இவ்வளவும் அணியின் கணக்கு. அந்த இளைஞனின் கணக்கு என்ன? பெரும்பாலும் அவனை ஒருவரும் கேட்பதில்லை. ஒரு நாள் செய்தி வரும். மூட்டை கட்ட வேண்டும். தன்னைக் கேளாமல் மாற்றியதை எதிர்த்து, பேஸ்பால் ஆட்டக்காரரான கர்ட் பிளட் 1970இல் வழக்குத் தொடர்ந்தார். 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. கூடைப்பந்தில் ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் ஆட்டக்காரர்கள் 1970இல் தொடுத்த வழக்கு 1976இல் உடன்படிக்கையில் முடிந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் தம் அணியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமைக்கு அது வழி திறந்தது. ஆயினும் முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞனுக்கு அவ்வுரிமை இன்னும் வாய்ப்பதில்லை. வாதத்தில் மிகுதியாக அடிபடுபவன் எவனோ, அவனே சொல்வதற்குக் குறைந்த உரிமையுடையவன்.

ஆகவே, கொடுக்கலாகாது என்று வாதிடும் ரசிகரின் பேச்சில் வெறும் பிடிவாதம் மட்டும் இருப்பதாக எண்ண வேண்டா. "இவனுக்கு முதலில் ஆட இடம் கொடுங்கள், பிறகு எடை போடுங்கள்" என்னும் நியாயமும் அதில் உண்டு. மாற்றுவதே நல்லது என்பவரின் பேச்சிலும் சில நேரம் அதே நியாயம் உண்டு. ஏனெனில் ஜெர்மெயினுக்கு இடம் கிடைத்தது வேறோர் ஊரில்தான். அவனை வைத்துக்கொள்வதாயின் ஆட விடவேண்டும். ஆட விட மனமில்லையாயின் போக விடவேண்டும். இரண்டும் செய்யாமல் பெஞ்சிலேயே உட்கார வைத்திருப்பது ஒன்றே, அணிக்கும் இளைஞனுக்கும் ஒருசேர இழப்பாவது.